கொடிபுடுங்கி

என் அலமாரியின் மேல்தட்டில், ஞானஸ்நானச் சான்றிதழ்களும் பழைய பென்ஷன் தாள்களும் போட்டு வைத்திருக்கும் தகரப்பெட்டிக்குள், முழ நீளத்துக்கு ஒரு சிவப்புத் துணி இருக்கிறது. சிவப்பு என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். இப்போது அது செங்கல் பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஓரம் தையல் போட்டது, மறு ஓரம் கிழிபட்டது. வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் என் மருமகள் அதைக் கையில் எடுத்து, "இது எதுக்கு மாமா, தூக்கிப் போட்டுடட்டா?" என்று கேட்பாள். "இருக்கட்டும்மா" என்பேன். எதற்கு என்று மட்டும் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு நன்னடத்தை வகுப்பு எடுத்தவன் நான். அந்தத் துணியைப் பற்றி வாயைத் திறந்தால், எடுத்த வகுப்புகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும். அந்தத் துணியைப் பிடுங்கிய கை என்னுடையது; பழியைச் சுமந்தவர் வேறொருவர். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அது ஒரு டவாலியின் துண்டு. பியூன்கள் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போட்டுக்கொள்ளும் பட்டை. சாந்தோமில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில், பிஷப் வரும் நாளிலும் பரிசளிப்பு விழாவிலும் எங்கள் மணிக்காரர் அதை மாட்டிக்கொண்டு வாசலில் விறைப்பாக நிற்பார். மற்ற நாட்களில் அவருக்கு வேலை மணி அடிப்பது, வகுப்பறை பெருக்குவது, ஆசிரியர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது. நொச்சிக்குப்பத்துக்காரர். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். கட்டுமரத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று சொல்லலாம். சிறு வயதில் காதில் சீழ் வைத்து இடது காது பாதி போய்விட்டதால் ஆழக் கடலுக்குப் போக முடியாமல் கரைக்கு வந்தவர். காது கேளாதவருக்கு மணியடிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் கேலி பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன்.

போர்க்காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் மெரீனாவில் குளிக்க வருவார்கள். ஒருநாள் மாலை அவர்களில் ஒருவன், ஆள் உயரப் பலகை ஒன்றை மார்பில் அணைத்தபடி தண்ணீருக்குள் நடந்து போனான். அலை திரண்டு வந்த நேரம் பார்த்துப் பலகைமேல் குப்புறப் படுத்தான். அலை அவனைத் தூக்கிக்கொண்டு கரைவரை வந்து மணலில் இறக்கிவிட்டுப் போயிற்று. எனக்கு வயது இருபத்து மூன்று. அன்று பிடித்தது பைத்தியம். மூன்றாம் வகுப்பில் கழித்துப் போட்டிருந்த கரும்பலகையைக் கேட்டு வாங்கி, தச்சரிடம் கொடுத்து ஒரு முனையை வட்டமாக அறுக்கச் சொல்லி, ஒரு சனிக்கிழமை காலை யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கரும்பலகை மிதக்கவில்லை. என்னை முழங்கால் போட வைத்து, மோவாயையும் சிராய்த்துவிட்டு மூழ்கியது. எழுந்து பார்த்தால், வலை உலர்த்திக்கொண்டிருந்த மணிக்காரர் நிற்கிறார்.

"இன்னா சார், கடலுக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?" என்றார்.

அப்புறம் சிரித்து முடித்துவிட்டு, பழைய கட்டுமரம் ஒன்றைப் பிரித்ததில் மிஞ்சிய ஓரக்கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். தக்கையான மரம், ஒரு கையால் தூக்கலாம். "எங்க புள்ளைங்க நடக்கக் கத்துக்கினதும் இத்தப் புடிச்சிக்கினுதான் அலையில வரும். வெள்ளக்காரன் வந்தா காட்டணும்?" என்றார். அந்தக் கட்டையில் நான் அலை ஏறக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலுக்குள் நான் 'சார்', அவர் 'ஏய் மணி'. மணலில் கால் வைத்ததும் அவர் என்னை 'நைனா' என்பார், நான் அவரை 'அண்ணே' என்பேன். சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடக்கும் அந்தப் பத்தடியில் இருவரும் வேறு ஆட்களாகிவிடுவோம். அதை அப்போது பெரிய வேடிக்கையாக நினைத்தேன்.

போர் முடிந்த மறுவருஷக் கோடை. பள்ளிக்கூடம் மூடியாயிற்று. ஜூனில் திறக்கும்போது என் வேலை நிரந்தரமாகும் என்று பள்ளி நிர்வாகியான பாதிரியார், எங்கள் பெரிய சாமியார், வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தார். மணிக்காரருக்கு விடுமுறை என்றால் சம்பளமும் விடுமுறை. அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டு அடுப்பு கரைவலையை நம்பித்தான் எரியும். படகில் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வந்து, இரண்டு பக்கக் கயிற்றையும் குப்பத்து ஜனங்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். கயிற்றில் கை வைத்தவருக்கு மீனில் பங்கு. கை வைக்காதவருக்கு இல்லை. இவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. காது போனதாலோ என்னவோ கண் மிகவும் கூர்மை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் நிற்கும் இடத்தைச் சொல்வார். ஆகவே மீன் பார்க்கும் முறை பெரும்பாலும் அவருக்கே வரும்.

என் நாக்கு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. கல்லூரியில் என்னோடு படித்த இரண்டு பேர், ஒருவன் மயிலாப்பூரில் வக்கீல் வீட்டுப் பையன், மற்றவன் தியாகராய நகரில் காமிரா வைத்திருந்தவன். இருவரிடமும் நான் அலைமேல் சவாரி செய்வதாகப் பெரிதாக அளந்துவிட்டிருந்தேன். சித்திரையில் ஒருநாள் பார்க்க வந்துவிட்டார்கள். கடல் அன்று தட்டில் ஊற்றிய கஞ்சி மாதிரி கிடந்தது. கரையில் ஒரு சிறு நுரைகூட இல்லை. கட்டையைத் தண்ணீரில் போட்டுப் படுத்தேன். படுத்த இடத்திலேயே கிடந்தேன். வக்கீல் வீட்டு நண்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டா, அலையெல்லாம் ஆத்துல வச்சுப் பூட்டிண்டு வந்துட்டியோ?" என்றான். ஆத்துல என்றால் அவர்கள் பேச்சில் வீட்டில். காமிராக்காரன் என்னைப் படம் எடுத்தான், கிடந்த நிலையிலேயே. அதை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. இவ்வளவு பெரிய வெட்கத்தை அடைந்த பிறகும் அந்த அற்பத்தை மறக்கவில்லை பாருங்கள்.

ஒரு வாரம் கடற்கரையை அளந்தேன். வடக்கே ஐஸ் ஹவுஸ் வரை, தெற்கே அடையாற்றைச் சுற்றிக்கொண்டு எலியட்ஸ் கடற்கரை வரை. விடியலில் போய்ப் பார்த்தேன், உச்சி வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். எங்குமே அலை இல்லை. கடைசியில் மணிக்காரரிடம் போய் நின்றேன். அவர் வலைக்கண்ணில் சிக்கிய சிப்பியை நோண்டிக்கொண்டே, "கடலு படுத்துக்கினு கீது நைனா. ஆடி வந்தாத்தான் ஏந்திரிக்கும்" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, சற்றுப் பொறுத்து, "ஆத்தாண்ட ஒரு எடம் கீது" என்றார். நண்பன் கேலிக்குச் சொன்ன ஆத்துல இப்படி நிஜமாகவே ஆற்றில் வந்து முடிந்ததில் எனக்கு வந்த சிரிப்பின் காரணம் அவருக்குப் புரியவில்லை.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் அழைத்துப் போனார். கோடையில் அடையாறு ஆறு வற்றி, கடலோடு சேரும் வாயை மணல் அடைத்துவிடும். அந்த மணல் மேடு கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் நீண்டு தண்ணீருக்கடியில் கிடக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில், தென்றல் கிளம்பியதும், எவ்வளவு படுத்த கடலாக இருந்தாலும் அந்த மேட்டில் வந்து தட்டியே தீரும். "காலு தடுக்கினா எவனும் நிமிருவான் இல்ல?" என்றார். நிமிர்ந்தது. இடுப்புயரத்துக்கு, சுத்தமாக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே இடத்தில் எழுந்து ஒரே பக்கமாக உடைந்தது. மற்ற கடல் முழுதும் தூங்க, அந்த ஓரிடம் மட்டும் விழித்திருந்தது. நான் பதினேழு தடவை ஏறி வந்தேன். என் வாழ்க்கையில் கலப்பில்லாத சந்தோஷம் என்று கைநீட்டிச் சொல்ல அந்த ஒரு மாலைதான் இருக்கிறது.

திரும்பி வரும்போது இரண்டு விஷயம் சொன்னார். "இந்த எடத்த யாராண்டயும் சொல்லாத நைனா. மடவ மீனு வந்து நிக்கற எடம். சத்தம் கேட்டா ஒண்ணு நிக்காது, அல்லாம் பூடும். இந்த மாசத்துக்கு எங்களுக்கு கீறது இது ஒண்ணுதான்." இரண்டாவது: "மணல்ல சேப்புத் துணி கட்டின கழி நட்டிருந்தா, கூட்டம் வந்துட்சின்னு அர்த்தம். நான் ஆளுங்கள இட்டார ஓடியிருப்பேன். யாரும் தண்ணியில கால் வெக்கக் கூடாது." அந்தத் துணியையும் காட்டினார். நைந்துபோன டவாலியைக் கிழித்துக் கொடியாக்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லிவிடாதே என்று கண்ணடித்தார். நான் தலையை ஆட்டினேன். ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒரு எழுத்துகூடச் சொல்ல வழியில்லை.

மறுநாளே நண்பர்களிடம் போய், நானாகத் தேடி ஒரு அலையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னேன். காற்றையும் மணலையும் பற்றி மணிக்காரர் சொன்னதையெல்லாம் என் சொந்த ஆராய்ச்சியாக அவிழ்த்துவிட்டேன். வக்கீல் வீட்டு நண்பனே வாயடைத்துப் போனான். பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் அவர்களை அழைத்துக்கொண்டு ஆற்றுவாய்க்குப் போனேன். சவுக்கு மரங்களைத் தாண்டி மணலில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கொடி. அதற்கு நேரே அலை அழகாக எழுந்து உடைந்துகொண்டிருந்தது. உடையும் இடத்துக்குப் பின்னால் தண்ணீர் கருத்து, சிலிர்த்து, மேகம் நிழல் போட்டது மாதிரி இருந்தது. மேகம் இல்லை.

காமிராக்காரன் தயங்கினான். "என்னடா இது, ஆபத்துன்னு நட்டிருக்காங்களா?" என்றான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால், யாருடைய கொடி, உனக்கெப்படித் தெரியும், அப்படியானால் இந்த அலையைக் கண்டுபிடித்தது யார் என்று கேள்விகள் வரிசை கட்டும். மூன்று கேள்விக்குப் பயந்தேன். "யாரோ குப்பத்துப் பசங்க விளையாட்டுக்கு நட்டு வெச்சிருக்கானுங்க" என்று சொல்லி, நானே போய்க் கழியைப் பிடுங்கிப் படுக்கப் போட்டேன். துணி அவிழ்ந்து கையோடு வந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நண்பர்கள் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். நான்கு அலையோ ஐந்தோ ஏறினேன். பின்னால் இருந்த கருமை எப்போது கலைந்தது என்று கவனிக்கவில்லை. படம் நன்றாக விழும் என்று காமிராக்காரன் கத்தினான்.

வடக்கேயிருந்து ஜனங்கள் வருவது தெரிந்தது. தோளில் கயிற்றுச் சுருளோடு முப்பது நாற்பது பேர், ஓரமாகப் படகு, முன்னால் ஓடிவருபவர் மணிக்காரர். "வாங்கடா" என்று நண்பர்களை இழுத்துக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிட்டேன். அவர்கள் அதையும் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் பக்கம் நடையைக் கட்டினார்கள். நான் மட்டும் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மணிக்காரர் கழி விழுந்து கிடந்த இடத்தில் நின்றார். கடலைப் பார்த்தார். மணலில் இருந்த எங்கள் காலடிகளைப் பார்த்தார். பிறகு, மற்றவர்கள் வந்து சேர்வதற்குள், அந்தக் காலடிகளின் மேலேயே மீனைத் தேடுகிறவர் போல முன்னும் பின்னும் நடந்தார். அவர் எதற்காக அப்படி நடந்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. குப்பத்துப் பெரியவர் அவரைப் பிடித்து உலுக்கியதும், பெண்கள் தலையில் அடித்துக்கொண்டதும் தெரிந்தன. பேச்சு கேட்கவில்லை.

ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு ஒரு காலை, சாலையோரம் கூடையை வைத்து மீன் விற்கும் மணிக்காரரின் மனைவி என்னை வழிமறித்தாள். கூடையில் நாலைந்து காரப்பொடி மீன் கிடந்தது. அதுவும் அடுத்தவர் பங்கில் வாங்கியது. கோபமாகக் கத்துவாள் என்று பயந்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"ஆடி பொறக்கற வரிக்கும் அவரு கயித்துல கை வெக்கக் கூடாதுன்னு சொல்ட்டாங்க சார். வேற எடத்துல கூட்டத்தப் பாத்த மாரி தோணிச்சி, நானேதான் கொடியப் புடுங்கிட்டு தண்ணியில எறங்கினேன்னு ஒத்துக்கினாரு. புடுங்கினவரு இன்னாத்துக்கு சார் ஓடியாந்து ஆளக் கூப்புடணும்? ஒருத்தனுக்கும் அது தோணல."

கூடைமேல் ஈரத் துணியை இழுத்து மூடிக்கொண்டே தொடர்ந்தாள்.

"உங்க பேர எடுத்தா அல்லாரும் கெளம்பி பெரிய சாமியாராண்ட பூடுவாங்க, ஜூன்ல வேல கெடைக்காம பூடும்னு வாயத் தெறக்கல. நீங்க பெரியவராண்ட மட்டும் வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். வெளிய போவாது, நான் பாத்துக்கறேன். அவரு ராயப்பேட்டையில செங்கல் தூக்கினு கீறாரு. காதுல மறுபடி சீழு வடியுது."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வரேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மாலை கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எங்கள் கத்தோலிக்கர்கள் செய்யக்கூடிய தப்பு இது. குப்பத்தில் சொல்ல வேண்டியதைக் கோவிலில் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று கால்கள் தாமாகவே அங்கே போயின. ஒரு ஏழையின் பிழைப்புக்குக் கெடுதல் செய்துவிட்டேன், பழி அவர்மேல் விழுந்துவிட்டது என்றேன். கூண்டின் வலைத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்: "சொல்ல வேண்டியவங்ககிட்ட போய் உண்மையைச் சொல்லிட்டியாப்பா?"

"சொல்லிட்டேன் சாமி" என்றேன்.

நாளைக்குச் சொல்லத்தான் போகிறோம், ஒருநாள் முன்பின்னாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். மறுநாள் பூசையில் நன்மை, அதாவது திவ்விய அப்பம், வாங்கினேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது வெயில் கடுமையாக இருந்தது. நேரே வீட்டுக்குப் போய் ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மணிக்காரரின் மனைவி இருக்கும் சாலையை விட்டுச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். கட்டுமரக் கட்டையை அம்மா விறகுக்கு உடைத்தாள். நான் தடுக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது, வேலை நிரந்தரமாயிற்று. மணிக்காரர் வழக்கம்போல வந்து மணி அடித்தார். இரண்டு மாதத்தில் பாதி ஆளாகியிருந்தார். காதில் பஞ்சு. "வணக்கம் சார்" என்றார். அதன்பின் முப்பத்தொரு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தோம். ஒரு தரம்கூட அவர் வாயிலிருந்து நைனா வரவில்லை. கடற்கரையில் எதிர்ப்பட்டாலும் சார்தான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதை குறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் மரியாதையை ஒரு அணுவும் குறைக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்றபோது நான் தலைமை ஆசிரியர். பொன்னாடை போர்த்திப் பேசினேன். கடமை, நேரந்தவறாமை என்று என்னென்னவோ பேசினேன். எல்லோரும் போன பிறகு அவரை அறைக்குக் கூப்பிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து இந்தத் துணியை எடுத்து நீட்டினேன். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அவர் துணியைக் கையில் வாங்கி, தையல் போட்ட ஓரத்தை விரலால் தடவினார். பிறகு நான்காக மடித்து என் மேஜைமேல் வைத்தார்.

"என்னாண்ட இன்னாத்துக்கு சார்? நட்டதுதான் நானு. புடுங்கினது நீங்க. உங்களாண்டயே இருக்கட்டும்" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னார். அடுத்த ஐந்தாம் வருஷம் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன்.

போன மாதம் லூப் ரோட்டில் மீன் வாங்கப் போனேன். எனக்கு வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த இளைஞனை எதிர்க்கடை அம்மாள், "ஏ கொடிபுடுங்கி, ஐஸு மீந்து கீதா?" என்று கூப்பிட்டாள். கத்தியை நிறுத்திவிட்டு ஐஸைத் தள்ளிக் கொடுத்தான். அது என்ன பெயர் என்று கேட்டேன்.

"அது எங்க வூட்டுப் பேரு சார். எங்கப்பாவையும் அப்டித்தான் கூப்புடுவாங்க. தாத்தா எதோ கொடியப் புடுங்கி மொத்தக் குப்பத்தையும் பட்டினி போட்டுட்டாராம். அவரப் பாத்தா அப்டி செய்யற ஆளாத் தெரியாது சார். ஆனா அவரே ஒத்துக்கினாராம், இன்னா பண்றது?" என்று சிரித்தான். மூக்கும் கண்ணும் அப்படியே மணிக்காரர்.

"அப்படியா" என்றேன். பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

துணி இப்போது பெட்டியிலிருந்து வெளியே, நான் எழுதும் தாளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கடல் படுத்துக் கிடக்கிறது, சித்திரை மாதம். இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. வலைத்தட்டிக்குப் பின்னால் முகம் தெரியாத சாமியாரிடம் சொன்னதும் இப்படித்தான் சுலபமாக இருந்தது. எழுதி முடித்ததும் அவர் கேட்டதே திரும்பக் கேட்கிறது, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று. அந்தப் பையனின் மீன்கடை, என் முழங்கால் வலியோடு மெல்ல நடந்தாலும், வீட்டிலிருந்து பத்து நிமிஷம்.